எழுபது நிமிஷத்துக்கு முந்தைய சூடு

முதல் தடவை அது வந்தபோது ஏசி கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன். நினைத்ததோடு சும்மா இருக்கிற ஆள் இல்லை நான். சூப்பர்வைசரிடம் சொல்லி உடனே மெயின்டனன்ஸ் ஆளை வரவழைத்தேன். அவர் ஏணி போட்டு ஏறி, காற்று வருகிற இடத்தில் மீட்டரைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இருபத்திநாலு கீதுக்கா, ஷோக்கா ஓடுது" என்றார். எதிரே நின்றிருந்தவள், "எனக்குக் குளுருது சார், ஏசியக் கொஞ்சம் கொறைங்க" என்றாள். நான் இரண்டு பேரையும் முறைத்தேன். என் முதுகில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

ஒரகடத்தில் கார் பம்பருக்குப் பெயின்ட் அடிக்கும் கம்பெனியில் எனக்குப் பன்னிரண்டு வருஷ சர்வீஸ். பிளாஸ்டிக் பம்பர்கள் மேலே ஓடுகிற சங்கிலியில் தொங்கிக்கொண்டே வரும். அவை பெயின்ட் அடிக்கும் அறைக்குள் போவதற்கு முன்னால், ஸ்பிரிட் நனைத்த துணியால் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் போகத் துடைத்து அனுப்புவது என் வேலை. கண்ணாடிச் சுவர் வைத்த சின்ன அறை. உச்சியிலிருந்து பாதம் வரை வெள்ளை உடுப்பு, தலையுறை, முகமூடி, கையுறை. கண் மட்டும்தான் வெளியே தெரியும். பம்பரில் ஒரு பாதியை நான் துடைப்பேன், மறுபாதியை எதிரே நிற்பவள் துடைப்பாள். ஒரே தோள் வலிக்கக் கூடாது என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாறிக்கொள்வோம்.

அவள் சிவகங்கைப் பக்கத்துக்காரி. முப்பத்திரண்டு வயது. காண்ட்ராக்ட்டில் வந்தவள். புருஷனும் இங்கேயே வேறொரு கம்பெனியில் இருக்கிறார், படப்பையில் ஒற்றை அறையில் குடித்தனம். முகமூடிக்குள்ளிருந்தே எட்டு மணி நேரமும் பேசுவாள். அவளுடைய நாத்தனாரைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கும் தெரியும். இரண்டு வருஷமாக ஒருத்தி கண்ணை ஒருத்தி பார்த்தே பாதி சேதி தெரிந்துகொள்ளும் அளவுக்குப் பழகியிருந்தோம்.

அந்த மாதத்தில் மூன்று தடவை ஏசி சரியில்லை என்று புகார் சொல்லியிருப்பேன். மூன்றாவது தடவை மெயின்டனன்ஸ்காரர் மீட்டரை என் முகத்துக்கு நேராக நீட்டி, "சூடு இங்கதான்க்கா கீது" என்று சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மீட்டரைப் பிடுங்கி உடைத்திருப்பேன். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் சேரப்பணஞ்சேரி வீட்டுக்குத் திரும்பி வரும்போதுதான், அந்த ஆள் விளையாட்டாகச் சொன்னது நிஜமாக இருந்தால் என்ன என்று தோன்றியது.

அதற்கப்புறம் நான் அதைக் கவனிக்க ஆரம்பித்தேன். குறை கண்டுபிடிப்பதுதானே பன்னிரண்டு வருஷமாக என் பிழைப்பு. நெஞ்சுக்குழியில் ஆரம்பிக்கும். அங்கிருந்து கழுத்து, காது மடல், கடைசியாக உச்சந்தலை. இட்லிப் பானையின் மூடியைத் திறந்ததும் முகத்தில் ஒரு ஆவி அடிக்குமே, அதே ஆவி. ஆனால் பானை உள்ளே இருக்கிறது. வருவதற்கு அரை நிமிஷம் முன்னால் காரணமே இல்லாமல் ஒரு பயம் வரும், பரீட்சைத் தாளை வாங்கப் போகிற மாதிரி. சுவர்க் கடிகாரத்தில் பார்த்தேன், நாலு நிமிஷம். சில சமயம் ஐந்து. போனதும் குளிரும். எனக்கு இது வேடிக்கையாகக்கூட இருந்தது. நாற்பத்தெட்டு வருஷம் கூடவே இருந்த உடம்பு, திடீரென்று எனக்குத் தெரியாத ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டு வந்து காட்டுகிறது.

மற்ற கூத்துகளும் சேர்ந்துதான் வந்தன. மூன்று மாசம் தலைகாட்டாமல் இருந்த தீட்டு நாலாவது மாசம் கொட்டித் தீர்த்தது. முழங்கையில் எறும்பு ஊருகிற மாதிரி இருக்கும், பார்த்தால் ஒன்றும் இருக்காது. பேச்சு நடுவில் வார்த்தை காணாமல் போகும். ஒரு நாள் வீட்டுக்காரரிடம், "அத்த எடு, அதான், கொழம்பு ஊத்துவோமே" என்று கையை ஆட்டிக்கொண்டு நின்றேன். கரண்டி என்ற சொல் வரவேயில்லை. அவர் சிரித்தார். கரண்டி கைக்கு வந்ததும் அதை அவர் மேலேயே வீசினேன். அப்புறம் அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று அழும்போதே யோசித்தேன், பிடிபடவில்லை.

கம்பெனி முதலுதவி அறையில் இருக்கிற நர்ஸ் பிரஷர் பார்த்துவிட்டு, தண்ணீரில் கரைத்துக் குடிக்க உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்த அண்ணியிடம் கேட்டேன். என்னைவிட ஆறு வயது பெரியவர்.

"எல்லாருக்கும் வர்றதுதான்டி. நிக்கப்போற நேரம் அப்படித்தான் இருக்கும். எனக்கும் வந்துச்சு, போயிடுச்சு."

"எங்கேர்ந்து ஆரம்பிக்கும் அண்ணி உனக்கு? நெஞ்சுலயா, முதுகுலயா? ஒரு நாளிக்கு எத்தினி வாட்டி?"

"அத்தையெல்லாம் யாருடி பாத்துக்கினு இருந்தா?" என்று சிரித்தார்.

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. பம்பரில் ஊசிமுனை அளவு தூசி இருந்தால்கூட எந்த நேரத்தில், எந்த இடத்தில் என்று எழுதி வைக்கிறோம். இவ்வளவு பெரிய சமாசாரத்தை யாருமே பார்க்கவில்லையா? மறுநாளிலிருந்து பழைய செக் ஷீட் ஒன்றின் பின்பக்கத்தில், சூடு வரும்போதெல்லாம் மணியைப் பார்த்து எழுத ஆரம்பித்தேன். ஷிப்டுக்கு ஐந்து, ஆறு தடவை. ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா என்று பார்த்தேன். டீ குடித்தால் வருகிறதா, கோபம் வந்தால் வருகிறதா? ஒரு வாரம் டீயை நிறுத்திப் பார்த்தேன், ஒரு தடவை குறைந்தது. கோபத்தை நிறுத்திப் பார்க்க முடியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் லைனில் பள்ளம் விழ ஆரம்பித்தது. பெயின்ட் காய்ந்து வெளியே வருகிற பம்பரில், கடுகளவு வட்டமாக ஒரு குழி. அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் ஒட்டாமல் ஒதுங்கி நின்றிருக்கும். கறுப்பு பம்பரில் அது தப்பிக்கவே முடியாது, டியூப்லைட் வெளிச்சத்தில் கண்ணைக் குத்தும். பம்பர் வாங்குகிற கார் கம்பெனியிலிருந்து ஆள் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். குவாலிட்டி இன்ஜினியர் எங்களை நிற்க வைத்துச் சொன்னார்: எண்ணெய், பவுடர், கிரீம், சென்ட், வியர்வை, இதில் எது ஒரு துளி பட்டாலும் பள்ளம் விழும். நாளையிலிருந்து தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், முகத்தில் எதையும் பூசாதீர்கள்.

எச்.ஆர். மேடம் காலையில் கேட்டருகே நின்று ஒவ்வொருத்தி தலையையும் மோந்து பார்த்தார். பெண்கள் தலையை மட்டும்தான். அவருக்கும் அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது, இருந்தாலும் மோந்தார். என் எதிரே நிற்பவளுக்கு இடுப்புக்குக் கீழே முடி. பிறந்ததிலிருந்து தேங்காயெண்ணெய் குடித்து வளர்ந்த முடி அது. மூன்று நாள் அலசினாலும் வாசனை போகாது. மேடம் அவளிடம் மட்டும் இரண்டு தடவை குனிந்தார்.

"முதல் நாளே நிப்பாட்டிட்டேன் மேடம். சாமி சத்தியமா வைக்கல" என்றாள். யாரும் நம்பவில்லை. தலையுறை போடும்போது கையில் எண்ணெய் ஒட்டி, அந்தக் கையோடு பம்பரைத் தொடுகிறாள் என்று பேசிக்கொண்டார்கள். பத்து நாள் ஆகியும் மோந்து பார்ப்பதும் நிற்கவில்லை, பள்ளமும் நிற்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை டீ நேரத்தில் அவள் வந்து, "இந்த வாரத்தோட என்னைய நிப்பாட்டச் சொல்லிட்டாகளாம்க்கா. சனிக்கிழமதேன் கடைசி" என்றாள். அன்றைக்கு மட்டும் நாத்தனாரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு மனசு ஆறவில்லை. ஆனால் அதைவிட என்னை அரித்தது வேறொன்று. எண்ணெய்தான் காரணம் என்றால் பள்ளம் நாள் முழுக்க விழ வேண்டும். நான் பரிசோதனை மேஜைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தபோதெல்லாம் அது மொத்தமாக விழுந்திருந்தது. மூன்று நாலு பம்பர் அடுத்தடுத்து, அப்புறம் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒன்றுமே இல்லை. விட்டு விட்டு வருகிற ஒன்றை எனக்கு நன்றாகத் தெரியும். அதை எழுதிய தாளை மடித்து என் பையில் வைத்திருந்தேன்.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில், ரிஜெக்ட் ஆன பம்பர்களின் நேரம் எழுதியிருந்த தாளையும் என் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூடச் சேரவில்லை. எனக்கு எட்டு இருபதுக்குச் சூடு, எட்டு இருபதுக்குப் பள்ளம் எதுவும் இல்லை. ஒன்பதரைக்குப் பள்ளம், ஒன்பதரைக்கு நான் குளுகுளுவென்று இருந்திருக்கிறேன். அப்பாடா, நான் இல்லை என்று சந்தோஷமாகச் சாம்பார் சாதத்தைப் பிசைந்தேன்.

இரண்டு வாய்தான் போட்டிருப்பேன், கை நின்றுவிட்டது. நாங்கள் துடைத்து அனுப்பும் பம்பர், பெயின்ட் அறை, காய வைக்கும் அடுப்பு எல்லாம் சுற்றி வெளியே வர எழுபது நிமிஷம் ஆகும். புதிதாக வருகிறவர்களுக்கு நானேதான் அதைச் சொல்வேன். பன்னிரண்டு வருஷ சர்வீஸ்காரி அதை மறந்துபோய்ச் சோறு தின்கிறேன். என் தாளில் எல்லா நேரத்தையும் எழுபது நிமிஷம் தள்ளிப் போட்டேன். எட்டு இருபதும் எழுபதும் ஒன்பதரை. அடுத்ததும் சேர்ந்தது. அதற்கடுத்ததும். முந்தின நாளும். எனக்கு ஒரு பக்கம், பள்ளம் என்னால்தான் என்ற பயம். இன்னொரு பக்கம், சொன்னால் தப்பாக நினைக்காதீர்கள், கண்டுபிடித்துவிட்டோம் என்று ஒரு குஷி. ஒரே நேரத்தில் இரண்டும் இருந்தது.

ஆனால் எப்படி? முகம் முழுக்க மூடியிருக்கும்போது என் வியர்வை எப்படிப் பம்பருக்குப் போகும்? வியாழக்கிழமை முழுக்க என்னையே நான் வேவு பார்த்தேன். ஏழே முக்காலுக்கு நெஞ்சுக்குழியில் ஆரம்பித்தது. கழுத்துக்கு ஏறியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் இடதுகை தானாக எழும்பி, தலையுறையை அரை அங்குலம் தூக்கி, நெற்றியை ஒற்றிவிட்டு, மறுபடி பம்பரைப் பிடித்தது. கையை நான் அனுப்பவில்லை. அது போய்விட்டு வந்தது. இத்தனை நாளும் இப்படித்தான் போய் வந்துகொண்டிருந்திருக்கிறது, எனக்கே தெரியாமல்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பக்கத்துக் கம்பெனியில் செக்யூரிட்டி. கேட்டில் நின்று ஆள் வருவதையும் போவதையும் பார்க்கிறவர்.

"வாய மூடிக்கினு இரு. நீ போய் இத்தச் சொன்னா அன்ஃபிட்னு எழுதி அனுப்பிடுவானுங்க. அந்தப் பொண்ணு சின்ன வயசு, எதிர் கம்பெனியில நாளைக்கே சேத்துக்குவான். இந்த வயசுல உன்ன எவன் எடுப்பான்?"

அவர் சொன்னது கெட்ட எண்ணத்தில் இல்லை. உண்மையும்கூட. நாற்பது தாண்டிய பெண்ணுக்கு இந்த வட்டாரத்தில் எந்த கேட்டும் திறக்காது. அதோடு, பள்ளத்தைப் பற்றிப் பேசுகிற சனிக்கிழமை மீட்டிங்கில் இருக்கிற அத்தனை பேரும் ஆம்பிளைகள். எச்.ஆர். மேடம் ஒருத்தர்தான் பெண். அவர்கள் முன்னால் என் தீட்டைப் பற்றி நான் எப்படிப் பேசுவது?

நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். வெள்ளிக்கிழமை சூடு வரும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கையைக் கீழேயே வைத்திருந்தேன். வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது, விட்டுவிட்டேன். பள்ளம் நின்றுவிட்டால் விஷயம் அடங்கிவிடும், அவளையும் விட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். பள்ளம் நின்றும்விட்டது. அன்று ஒன்றுகூட இல்லை. ஆனால் அன்று காலையில்தான் அவளைப் பேக்கிங்குக்கு அனுப்பிவிட்டு, எனக்கு எதிரே வேறொருத்தியை நிறுத்தியிருந்தார்கள்.

ஷிப்ட் முடிகிற நேரத்தில் சூப்பர்வைசர் பல்லெல்லாம் தெரிய வந்தார். "பாத்தீங்களாக்கா? ஆள மாத்தினோம், சரியாப் போச்சு. அவதான்."

நான் கையை அடக்கியது அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருக்கிறது.

சனிக்கிழமை காலை மீட்டிங்கில் இரண்டு தாளையும் மேஜையில் வைத்தேன். இன்ஜினியருக்குத் தாள் என்றால் உயிர். பார்த்த மாத்திரத்தில், "எழுபது நிமிஷம் தள்ளினா அப்படியே மேட்ச் ஆகுதே! இது என்ன ரீடிங்மா? கம்ப்ரெசரா? எங்க எடுத்தீங்க?" என்று எழுந்தேவிட்டார்.

"என்கிட்டதான் சார். எனக்குத் தீட்டு நிக்கிற வயசு. அப்போ உடம்பு திடீர்னு அனலாக் கொதிக்கும். அந்த டைம்தான் எழுதியிருக்கேன். கை எனக்கே தெரியாம நெத்தி வேர்வைய ஒத்திட்டு பம்பரப் பிடிக்குது, நேத்து அடக்கிப் பாத்தேன், பள்ளம் விழல."

சூப்பர்வைசர் தன் ஷூவைப் பார்த்தார். இன்ஜினியர் உட்கார்ந்தார், மறுபடி தாளைப் பார்த்தார். அவருக்குக் கூச்சமா ஆர்வமா என்று ஒரு போட்டி நடந்தது. ஆர்வம் ஜெயித்தது. "ட்ரையல் எடுத்துப் பார்த்தாதான் நம்ப முடியும். சூடு வரும்போது கையை அடக்காதீங்க, எப்பவும் போலச் செய்யுங்க" என்றார்.

அப்படியாக, நாலு பேர் கண்ணாடிக்கு வெளியே வரிசையாக நின்று என் சூட்டுக்காகக் காத்திருந்தார்கள். அது வரவில்லை. தினமும் அழையாமல் ஆறு தடவை வருகிற சனியன், மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்ததும் உள்ளே ஒளிந்துகொள்கிற பெண் மாதிரி பிகு பண்ணியது. ஒரு மணி நேரம் போனது. கொதிக்கக் கொதிக்க டீ குடித்துவிட்டு வந்தேன். கோபம் வரட்டும் என்று மாமியார் சொன்ன பழைய பேச்சையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். பத்தே முக்காலுக்கு அந்த அரை நிமிஷப் பயம் வந்தது. இவ்வளவு சந்தோஷமாக அதை நான் வரவேற்றதே இல்லை. முகம் கொதித்தது. கை தானாகப் போனது, நெற்றியை ஒற்றியது, பம்பருக்குத் திரும்பியது. வெளியே இன்ஜினியர் குதித்தார். மூன்று பம்பருக்குப் பின்னால் ஸ்டிக்கர் ஒட்டினார்கள்.

பதினொன்று ஐம்பத்தைந்துக்கு அவை வெளியே வந்தன. முதல் பம்பர் சுத்தம். இரண்டாவதில், ஃபாக் லைட் ஓட்டைக்குப் பக்கத்தில், கடுகளவு குழி. பக்கத்திலேயே இன்னொன்று. நான் கையுறையைக் கழற்றி, அதன் மேல் விரல் வைத்துப் பார்த்தேன். யாருக்கும் காட்ட முடியாமல் ஏழு மாசமாக எனக்குள்ளேயே வந்து போன ஒன்று, இங்கே எல்லாரும் தொட்டுப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தது. எச்.ஆர். மேடம்கூடக் குனிந்து பார்த்தார். எனக்கு வெட்கம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

பேக்கிங்கிலிருந்து அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். வேலை போகாது, திங்கட்கிழமை பழைய இடத்துக்கே வந்துவிடு என்று. அவள் பம்பரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எப்பக்கா ஒங்களுக்குத் தெரியும்?"

"புதன்கிழம சந்தேகம் வந்துச்சு. நேத்து முந்தாநேத்து..." இழுத்தேன்.

"புதன்கிழம" என்று விரலை மடக்கினாள். "வியாழன், வெள்ளி. ரெண்டு நாளும் என் தலைய மோந்து பாத்தாக. நீங்க பக்கத்துலதேன் நின்னீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். போய்விட்டாள். வராமல் இருந்த வெட்கம் எனக்கு அப்போதுதான் வந்தது.

அன்ஃபிட் என்று யாரும் எழுதவில்லை. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குச் சூப்பர்வைசர் எங்கள் எல்லாரையும் நிற்க வைத்து, யார் முகத்தையும் பார்க்காமல் புது விதியைச் சொன்னார். "உடம்பு ஒரு மாதிரி" இருக்கிறவர்கள் மஞ்சள் பொத்தானை அமுக்கலாம். மாற்று ஆள் வரும். ஐந்து நிமிஷம் வெளியே போய்விட்டு, கையுறையை மாற்றிக்கொண்டு வரலாம். மஞ்சள் பொத்தானை அமுக்கினால் மேலே விளக்கு எரியும், லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு பாட்டும் பாடும்.

அவள் எதிரே நின்று துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. முகமூடிக்குப் பின்னாலிருந்து நாத்தனார் கதை வரவில்லை, ஊர்க் கதை வரவில்லை. ஸ்பிரிட் வாடையும் சங்கிலிச் சத்தமும் மட்டும்தான். மன்னிப்புக் கேட்க இரண்டு தடவை வாயெடுத்தேன். அவள் கண் பம்பரைவிட்டு நகரவில்லை.

ஒன்பது மணிக்கு எனக்கு ஆரம்பித்தது. பொத்தான் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அமுக்க முடியவில்லை. நாலு பேரிடம் சொல்லிவிட்டேனே தவிர, நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பதற்கு எனக்குத் தைரியம் இல்லை. கழுத்து, காது, உச்சந்தலை. கையைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் துணியை வைத்துவிட்டு பம்பரைச் சுற்றி என் பக்கம் வந்தாள். என்னைத் தாண்டிக் கையை நீட்டி மஞ்சள் பொத்தானை அமுக்கினாள். விளக்கு எரிந்தது, பாட்டு பாடியது, சூப்பர்வைசர் ஓடிவந்தார்.

"அக்காவுக்குச் சூடு ஏறுது. ஆள் விடுங்க சார்" என்றாள், லைன் முழுக்கக் கேட்கும்படி.

அன்று காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அது. அதையும் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.